எடை பார்ப்போம், எடை போட வேண்டாம்

நம் தமிழ்மொழியில் 'எடை பார்த்தல்' என்று ஒரு வழக்கு உண்டு. 'எடை போடுதல்' என்று மற்றொரு வழக்கும் உண்டு. முன்னது, கனம் எவ்வளவு என்று அறிவது. பின்னதை மனிதர்மேல் ஏற்றிச் சொல்லும்போது, 'இவர் இப்படிப்பட்டவர்' என்று தீர்ப்பு வழங்குவதாகப் பொருள். இவ்விரண்டும் ஒன்றல்ல. ஆயினும் வளரும் பிள்ளைகளின் உடலைப் பொறுத்தமட்டில் இரண்டையும் ஒன்றாக்கிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. அது மாற வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வந்த செய்தி.

ஆண்டுதோறும் பள்ளிகளில் பிள்ளைகளின் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. முன்னேற்ற அட்டையில் மதிப்பெண்களுக்கு அருகே அவற்றுக்கென இரு சிறு கட்டங்கள் உண்டு. கட்டங்கள் நிரம்புகின்றன, அதன்பின் அந்த எண்களை எவரும் நினைப்பதில்லை. ஆனால் அளக்கும் அந்த நேரத்தில், வரிசையில் நிற்கும் முப்பது பேர் காதிலும் விழும்படி எண் உரக்கப் படிக்கப்பட்டால், அதற்கு உரியவள் மட்டும் அதைப் பல்லாண்டுகள் மறப்பதில்லை. "பூசணிக்காய்", "ஈர்க்குச்சி" என்னும் பட்டப்பெயர்கள் அன்றைய இடைவேளைக்குள் பிறந்துவிடுகின்றன. பயன்பட வேண்டிய எண் பயன்படாமற் போகிறது. புண்படுத்தக் கூடாத எண் புண்படுத்திவிடுகிறது. இது முறையாகுமா என்று மாணவியரும், ஆசிரியப் பெருமக்களும், அருட்சகோதரியரும், பெற்றோரும் சேர்ந்து எண்ணிப் பார்ப்பது நல்லது.

கொழுப்பு பகையா?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். கொழுப்பு என்பது நம் பேச்சில் வசைச்சொல்லாகவே வழங்குகிறது. சொல் கேளாத பிள்ளையைப் பார்த்து, "உனக்குக் கொழுப்பு அதிகம்" என்கிறோம். உடல்நூல் அறிந்தவர்களோ கொழுப்பை அவ்வாறு ஏசுவதில்லை. உடலின் வெப்பத்தைக் காப்பதும், உள்ளுறுப்புகளைச் சுற்றி மெத்தைபோல் அமைவதும், பசிக்காலத்துக்கென ஆற்றலைச் சேமித்து வைப்பதும் கொழுப்பே. 1994-ஆம் ஆண்டில் 'லெப்டின்' என்னும் ஹார்மோன் கண்டறியப்பட்டது. கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து, "உடலில் சேமிப்பு இவ்வளவு இருக்கிறது" என்னும் செய்தியை மூளைக்கு எடுத்துச் செல்லும் தூதுவன் அது. அத்தூது போதிய அளவு சென்று சேராவிடில் பெண்பிள்ளை பருவமடைவதே தடைப்பட்டுப்போகும். ஆகவே, அளவோடு இருக்கும் கொழுப்பு நம் உடலுக்கு உறவே அன்றிப் பகை அன்று.

அந்த அளவு எது? இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. வளரும் பிள்ளைக்கு அந்த அளவு நிலையாக இருப்பதில்லை. பிறந்த குழந்தையின் எடையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு கொழுப்பு. ஆறு மாதத்தில் அது ஏறக்குறையக் கால் பங்காகிவிடுகிறது. கொழுகொழுவென்று கன்னம் உப்பியிருக்கும் காலம் அது. பிள்ளை நடக்கவும் ஓடவும் தொடங்கியபின் கொழுப்பு மெல்லக் குறைகிறது. ஐந்து, ஆறு வயதில் விலா எலும்பு தெரியும் அளவுக்கு மெலிந்து நிற்கும் பிள்ளைகளும் உண்டு. "பிள்ளை இளைத்துவிட்டாளே, கண்பட்டுவிட்டதோ?" என்று பாட்டிமார் கவலைப்படுவது இவ்வயதில்தான். ஆனால் நன்றாக உண்டு, ஓடியாடி, உயரமும் கூடிவரும் பிள்ளைக்கு அது நோயன்று, இயற்கை. அதன்பின் கொழுப்பு மறுபடியும் ஏறத் தொடங்குகிறது. பிரான்சு நாட்டு ஆய்வாளர் ரோலாண்ட் கஷேராவும் அவருடைய குழுவினரும் 1984-இல் இந்தத் திருப்பத்தை எடுத்துக்காட்டினர். இத்திருப்பம் மிக முன்னதாகவே நிகழும் பிள்ளைகள் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு மிகுதி என்றும் அவர்கள் கண்டனர்.

அடுத்துப் பருவமடையும் காலம் வருகிறது. ஆண்பிள்ளைக்குத் தசை பெருகி, கொழுப்பின் பங்கு குறைகிறது. பெண்பிள்ளைக்கோ கொழுப்பின் பங்கு கூடுகிறது. வளர்ந்த இளம்பெண்ணின் எடையில் ஏறக்குறையக் கால் பங்கு கொழுப்பாக இருப்பது இயல்பே. இந்த வயதில் ஓர் ஆண்டுக்குள் ஐந்தாறு கிலோ எடை கூடுவதும் இயல்பே. மேலும், பெண்பிள்ளைகளுக்குப் பருவ மாற்றங்கள் 8 வயதிலும் தொடங்கலாம். 13 வயதிலும் தொடங்கலாம். ஒரே வகுப்பில், ஒரே பெஞ்சில் அமர்ந்திருக்கும் இரு தோழியர் வயதால் ஒன்றாயினும், உடல் வளர்ச்சியில் மூன்று ஆண்டு முன்னும் பின்னுமாக இருக்கக்கூடும். ஒருத்தியின் எண்ணை மற்றொருத்தியின் எண்ணோடு ஒப்பிடுவதில் என்ன நியாயம் இருக்கிறது?

எப்படி அளக்கிறார்கள்?

உடலில் உள்ள கொழுப்பைத் தனியே பிரித்து எடுத்துத் தராசில் வைக்க இயலாது. ஆகவே வேறு ஏதேனும் ஒன்றை அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டே கொழுப்பின் அளவைச் சொல்கிறார்கள். எத்தனை விலையுயர்ந்த கருவியாயினும் இதற்கு விலக்கில்லை. உயிருள்ள மனிதரிடத்தில் கொழுப்பு அளவு என்பது எப்போதும் ஒரு மதிப்பீடே. இதை மனத்திற்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பழைய முறை ஒன்று, நமக்குத் தெரிந்த ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை அடிப்படையாகக் கொண்டது. ஒருவரைக் காற்றிலும், பிறகு நீருக்குள்ளும் எடை பார்த்தால் அவர் உடலின் அடர்த்தி தெரியும். கொழுப்பின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 0.9 கிராம். தசை, எலும்பு, நீர் முதலிய மற்றவை எல்லாம் சேர்ந்த பகுதியின் அடர்த்தி ஏறக்குறைய 1.1 கிராம். ஆகவே உடலின் அடர்த்தி குறையக் குறையக் கொழுப்பு மிகுதி என்று கொள்ளலாம். ஆனால் 1.1 என்பது வளர்ந்தோருக்கு உரிய எண். பிள்ளையின் தசையில் நீர் அதிகம். எலும்பில் தாதுப்பொருள் குறைவு. ஆகவே அந்தப் பகுதியின் அடர்த்தியும் குறைவு. பெரியவர்களுக்கான சூத்திரத்தைப் பிள்ளைக்குப் போட்டால், இல்லாத கொழுப்பையும் இருப்பதாகக் காட்டிவிடும். அன்றியும், மூச்சை முழுவதும் வெளியே விட்டு நீருக்குள் அசையாமல் இருக்க ஆறு வயதுப் பிள்ளையால் ஆகுமா? இதற்காகவே நீருக்குப் பதிலாகக் காற்றை வைத்து அளக்கும் மூடிய அறைக்கருவி பின்னர் வந்தது. அது ஆய்வுக்கூடங்களில் இருப்பது; பள்ளிக்கூடத்துக்கு வருவதன்று.

இரண்டாவது முறை மின்சாரத்தைப் பயன்படுத்துவது. இன்று கடைகளில் கிடைக்கும் சில எடை இயந்திரங்கள், வெறுங்காலோடு ஏறி நின்றால் எடையோடு கொழுப்பின் விழுக்காட்டையும் காட்டுகின்றன. நமக்குத் தெரியாத அளவுக்கு மிகச் சிறிய மின்னோட்டம் உடலுக்குள் செல்கிறது. நீர் மிகுந்த தசை அதை எளிதில் கடத்தும், கொழுப்பு தடுக்கும். அந்தத் தடையிலிருந்து கணக்கு எழுகிறது. ஆனால் சற்று முன்பு எவ்வளவு நீர் குடித்தோம், விளையாடி வியர்த்தோமா என்பவற்றைப் பொறுத்தும் அந்த எண் மாறும். அதற்குள் ஒளிந்திருக்கும் சூத்திரமும் பல இயந்திரங்களில் பெரியவர்களுக்கு உரியதே. வீட்டில் அதன்மேல் பத்து வயது மகளை ஏற்றி, வரும் எண்ணைக் கண்டு கலங்குவது வீண் கவலை.

மூன்றாவது, 'டெக்ஸா' எனப்படும் கருவி. இருவேறு ஆற்றல் கொண்ட எக்ஸ் கதிர்களை உடலினூடே செலுத்தி எலும்பு, தசை, கொழுப்பு ஆகியவற்றைப் பிரித்தறிகிறது. கதிர் மிகக் குறைவு, கணக்கும் நன்று. எனினும் இது பெரிய மருத்துவமனைகளில் மட்டும், அதுவும் தக்க காரணம் இருந்தால் மட்டும் செய்யத்தக்கது.

நான்காவது முறை எளியது. மேற்கையின் பின்புறத்திலோ, முதுகில் தோள்பட்டை எலும்பின் கீழோ தோலை இரு விரலால் மடித்துப் பிடித்து, அம்மடிப்பின் தடிமனை 'காலிப்பர்' என்னும் இடுக்கியால் அளப்பது. உடற்கொழுப்பில் பெரும்பகுதி தோலுக்குக் கீழே இருப்பதால் இம்முறை பொருந்துகிறது. பிரித்தானியாவில் ஜேம்ஸ் டானரும் வைட்ஹவுசும் பிள்ளைகளின் தோல்மடிப்புக்கான அளவுகளை 1962-இல் வெளியிட்டனர். நம் நாட்டிலும் 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய அளவிலான ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் பிள்ளைகளின் தோல்மடிப்பு அளக்கப்பட்டது. கருவி சிறிது, விலையும் அதிகமன்று. ஆனால் கை பழகியிருக்க வேண்டும். இடம் ஒரு விரல் அளவு தவறினாலும் எண் மாறும். 10 மில்லிமீட்டர் உள்ள மடிப்பில் 2 மில்லிமீட்டர் பிழை வந்தால் அது ஐந்தில் ஒரு பங்கு பிழை அல்லவா? மேலும் இது பிள்ளையின் உடலைத் தொட்டுச் செய்யும் காரியம். பெற்றோரின் இசைவும், பிள்ளையின் இசைவும், பயிற்சி பெற்ற பெண்மணியின் கையும், மறைவான இடமும் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. வகுப்பறையில் செய்து பார்க்கும் சோதனையாக இது ஆகிவிடக் கூடாது.

இருநூறு ஆண்டுக் கணக்கு ஒன்று

இக்கருவிகள் எல்லாம் வேண்டாமென்று எளிய வழி ஒன்று உலகெங்கும் பரவியுள்ளது. அதுவே 'உடல் நிறை எண்'. எடையைக் கிலோவில் எழுதி, உயரத்தை மீட்டரில் எழுதி, உயரத்தை உயரத்தாலேயே பெருக்கி, அதனால் எடையை வகுத்தால் அந்த எண் கிடைக்கும். இதற்கு மூலவர் பெல்ஜிய நாட்டின் அடோல்ஃப் கெட்லே. அவர் மருத்துவர் அல்லர். வானியலும் புள்ளியியலும் வல்லவர். மனிதரின் எடை உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 1832 அளவில் அவர் கண்டார். ஆனால் பிறந்தபின் வரும் விரைந்த வளர்ச்சியிலும், பருவமடையும்போது வரும் விரைந்த வளர்ச்சியிலும் இவ்விதி பொருந்தாது என்பதையும் அவரே குறித்திருந்தார்! பின்னர் 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் அந்தக் கணக்குக்கு 'உடல் நிறை எண்' என்னும் பெயரைச் சூட்டினார். அவர் ஆராய்ந்ததும் வளர்ந்த ஆண்களையே. வளர்ந்த ஆண்களுக்குத் தைத்த சட்டையை வளரும் பெண்பிள்ளைக்கு அப்படியே மாட்டினால் எப்படியிருக்கும்?

எடுத்துக்காட்டு ஒன்று பார்ப்போம். 13 வயதுப் பெண் ஒருத்தியின் உயரம் 1.50 மீட்டர், எடை 45 கிலோ. அவளுடைய எண் 20. ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியின் உயரம் 1.15 மீட்டர், எடை 26.5 கிலோ. அவளுடைய எண்ணும் 20. எண் ஒன்றே, பொருள் வேறு. உலகச் சுகாதார நிறுவனம் 2007-இல் 5 முதல் 19 வயது வரையிலான பிள்ளைகளுக்கு வெளியிட்ட அட்டவணைப்படி, பெரியவள் நல்ல நிலையில் இருக்கிறாள். சிறுமியின் வயதில் நடுத்தர எண் ஏறக்குறைய 15 தான். 20 என்பது பருமன் என்று கருதப்படும் அளவு. ஆகவே பிள்ளைகளுக்கு எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து, அதற்குரிய வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே வயதுப் பெண்பிள்ளைகள் நூறு பேரை எண்ணின் வரிசைப்படி நிறுத்தினால் இவள் எத்தனையாவது இடத்தில் நிற்பாள் என்பதை அந்த வரைபடம் சொல்லும். நம் நாட்டுக் குழந்தைநல மருத்துவர்களின் சங்கமும் இந்தியப் பிள்ளைகளுக்கென்றே 5 முதல் 18 வயது வரைக்குமான வரைபடங்களை 2015-இல் வெளியிட்டுள்ளது.

நம் பிள்ளைகள்

நமக்கென்று தனி வரைபடம் ஏன் வேண்டும்? அதற்கும் காரணம் உண்டு. புனே நகரைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் அவருடைய குழுவினரும் அப்பகுதிச் சிற்றூர்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்துக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 2003-இல் முடிவை வெளியிட்டனர். நம் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்களுடையது 3.5 கிலோ. நம் குழந்தைகளிடம் தசை மிகவும் குறைந்திருந்தது; ஆனால் முதுகுத் தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த அளவுக்குக் குறைந்திருக்கவில்லை. பார்வைக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு! அடுத்த ஆண்டு, 2004-இல், அதே யாஜ்னிக்கும் அவருடைய ஆங்கில நண்பர் ஜான் யட்கினும் தம் இருவர் அளவுகளையுமே புகைப்படத்தோடு வெளியிட்டனர். இருவருக்கும் உடல் நிறை எண் 22.3. ஆனால் ஆங்கிலேயரின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, இந்தியரின் உடலில் 21.2 விழுக்காடு. எடையும் உயரமும் சொல்லாமல் மறைப்பது எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எனவே ஒல்லியாக இருப்பவள் எல்லாம் நலமுடையவள் என்றும், பூரிப்பாக இருப்பவள் எல்லாம் நோயாளி என்றும் கண்ணால் கண்டு முடிவு கட்ட இயலாது. முன்னே சொன்ன கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 10 முதல் 19 வயதுக்கு உட்பட்டோரில் 24 விழுக்காட்டினர் வயதுக்கு ஏற்ற சதைப்பிடிப்பின்றி மெலிந்துள்ளனர். 5 விழுக்காட்டினர் மிகுந்த எடை உடையவர்கள். ஒரே தெருவில், சில வேளை ஒரே வீட்டில், இருவகைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பருமனானவளைக் கேலி செய்யும் கண்ணுக்கு, உணவு போதாமல் மெலிந்து நிற்பவள் தெரிவதே இல்லை. அவளை, "நல்ல உடல்வாகு" என்று சிலர் புகழவும் செய்கிறார்கள்!

சொல்லிக் காட்டினால் குறையுமா?

"கேலி செய்தால்தானே ரோசம் வந்து குறைப்பாள்?" என்று வாதிடுவோர் உண்டு. "பள்ளியே எடையை அளந்து வீட்டுக்கு எழுதி அனுப்பட்டும், பெற்றோர் கவனித்துக்கொள்வர்" என்று இன்னும் மென்மையாகச் சொல்வோரும் உண்டு. இரண்டாவது வாதம் நல்லெண்ணத்தோடு எழுவது. ஆகவே அதற்கு விடை தேட வேண்டும்.

அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலம் 2003-இல் சட்டம் இயற்றிப் பள்ளிப் பிள்ளைகளின் உடல் நிறை எண்ணைப் பெற்றோருக்கு எழுதி அனுப்பத் தொடங்கியது. வேறு மாநிலங்களும் அவ்வழியைப் பின்பற்றின. இதனால் பயன் உண்டா என்று கலிபோர்னியா மாநிலத்தில் 79 பள்ளிகளில், 28,000-க்கும் மேற்பட்ட மாணவரிடையே 2014 முதல் 2017 வரை முறையாகச் சோதித்துப் பார்த்தனர். சில பள்ளிகளில் எடை பார்த்து வீட்டுக்கும் தெரிவித்தனர். சிலவற்றில் எடை மட்டும் பார்த்தனர். சிலவற்றில் எதுவும் செய்யவில்லை. 2021-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டுக்குத் தெரிவித்ததால் பிள்ளைகளின் எடையில் மாற்றம் ஏதும் ஏற்படவில்லை. ஆனால் பள்ளியில் எடை பார்க்கப்பட்ட பிள்ளைகளிடம், தம் உடலைப் பற்றிய மனநிறைவு மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. கடிதம் எடையைக் குறைக்கவில்லை, மனத்தையே குறைத்தது. பண்போடு எழுதிய கடிதத்துக்கே இதுதான் பயன் என்றால், பட்டப்பெயருக்கு என்ன பயன் விளையும்?

பயன் விளைகிறது, ஆனால் தீய பயன். காலை உணவை ஒளித்து வைப்பதும், மதிய உணவைத் தோழிக்குக் கொடுத்துவிடுவதும், விளையாட்டு வகுப்பில் "வயிற்றுவலி" என்று ஒதுங்குவதும் இதன் விளைவுகளே. எந்த வயதில் இது நேர்கிறது என்று பாருங்கள். உயரம் மிக விரைந்து கூடும் அந்த இரண்டு ஆண்டுகளுக்குள் மட்டுமே, வளர்ந்தபின் எலும்பில் இருக்கப்போகும் தாதுப்பொருளில் ஏறக்குறையக் கால் பங்கு சேர்ந்துவிடுகிறது. இரும்புச்சத்தும் மிகுதியாகத் தேவைப்படும் காலம் அது. அப்போது பட்டினி கிடப்பவள் கொழுப்பை மட்டுமா இழக்கிறாள்? எலும்பையும், இரத்தத்தையும், பாடத்தில் ஊன்றும் கவனத்தையும் சேர்த்தே இழக்கிறாள்.

அப்படியானால் அளக்கவே வேண்டாமா?

அவ்வாறு நாம் சொல்லவில்லை. அளக்க வேண்டும், செம்மையாக அளக்க வேண்டும். அங்கன்வாடியில் சிறு குழந்தைகளை எடை பார்த்து வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைக்கிறார்கள். ஒரு புள்ளி ஒன்றும் சொல்வதில்லை. புள்ளிகளை இணைக்கும் கோடுதான் பேசுகிறது. அந்தக் கோடு பள்ளிக்கு வந்தவுடன் அறுந்துபோவது ஏன்? ஆண்டுதோறும் ஒரே பாதையில் ஏறிவரும் பிள்ளையைப் பற்றிக் கவலையில்லை. அவள் மேற்கோட்டை ஒட்டி வந்தாலும், கீழ்க்கோட்டை ஒட்டி வந்தாலும் பெரும்பாலும் அது அவள் இயல்பு. ஆனால் திடீரென்று கோடு கீழே சரிந்தால், வீட்டில் உணவுக்கு வழியில்லையோ, காசநோய் போன்ற நோய் ஏதும் உண்டோ, மனத்தில் துயரம் ஏதும் உண்டோ என்று பார்க்க வேண்டும். திடீரென்று மேலே ஏறினாலும் காரணம் தேட வேண்டும். முன்னேற்ற அட்டையின் அந்த இரண்டு கட்டங்களுக்குள் இவ்வளவு செய்தி அடங்கியிருக்கிறது; அதைப் படிப்பார் இல்லை என்பதுதான் குறை.

ஆகவே நம் கருத்துகளைப் பணிவோடு முன்வைக்கிறோம்.

முதலாவதாக, ஆண்டுக்கு இருமுறை, காலணிகளைக் கழற்றிவிட்டு, ஒரே இயந்திரத்தில், ஒரே முறையில் அளக்க வேண்டும். உயரத்தில் இரண்டு சென்டிமீட்டர் தவறினாலும் கணக்கு மாறிவிடும்.

இரண்டாவதாக, மறைவான இடத்தில், ஒவ்வொருத்தியாக அழைத்து அளக்க வேண்டும். எண்ணை உரக்கச் சொல்லக் கூடாது. வகுப்புத் தலைவியை எழுத வைக்கவும் கூடாது. இங்கிலாந்தில் 2005 முதல் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளை அளந்து வருகிறார்கள். அங்கே ஒரு பிள்ளையின் முடிவை மற்றப் பிள்ளைகளுக்கும் ஆசிரியருக்கும் தெரிவிப்பதில்லை. இதற்குப் பணம் வேண்டியதில்லை. ஒரு திரைச்சீலை போதும்.

மூன்றாவதாக, வெறும் எண்ணாக எழுதி வைக்காமல், வயதுக்குரிய வரைபடத்தில் புள்ளியாக வைத்து, அத்தாளை வகுப்பு மாறும்போது அவளோடு சேர்த்து அனுப்ப வேண்டும். கோடு மாறினால் பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசி, மருத்துவரிடம் காட்டச் சொல்ல வேண்டும். பிறந்தது முதல் 18 வயது வரை உள்ளோருக்கென 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழுக்கள் அரசுப் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வருகின்றன. அவர்களிடம் இத்தாளைக் காட்டினால் அவர்கள் பணியும் எளிதாகும்.

நான்காவதாக, இடுக்கியையும், கொழுப்பு காட்டும் இயந்திரத்தையும் மருத்துவரிடமே விட்டுவிடுவோம். வீட்டில் தெரிந்துகொள்ள விரும்பினால் தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். இடுப்பின் சுற்றளவு உயரத்தில் பாதிக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் ஓரளவு தெரிந்துவிடும். அதையும் தாய் மகளுக்குத் தனியே பார்ப்பதே அழகு; சித்தி, அத்தை முன்னிலையில் வேண்டாம்.

ஐந்தாவதாக, விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் வாங்கிக்கொள்ளும் வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க வேண்டும். 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கணக்கு ஆசிரியர்கள் நம்மேல் சினங்கொள்ளலாகாது. இதுவும் ஒரு கணக்கே!

பெற்றோர்களே! "அக்காவைப் பார், கொடிபோல் இருக்கிறாள், நீ மட்டும் ஏன் இப்படி?" என்று உணவு வேளையில் சொல்லாதீர்கள். குடும்பத்தில் ஒருத்திக்கு மட்டும் தனிச் சட்டம் வேண்டாம். பொரித்த தீனியும் இனிப்பு பானமும் வீட்டுக்கு வருவதைக் குறைத்தால் எல்லாருக்கும் குறையட்டும். கீரையும், பயறும், முட்டையும், பழமும் வந்தால் எல்லாருக்கும் வரட்டும். மாலையில் எல்லாரும் சேர்ந்து நடந்துவாருங்கள்.

அன்புத் தோழியரே! மருத்துவர் சொல்லாமல் நாமாகப் பட்டினி கிடக்க வேண்டாம். உடல் மாறிக்கொண்டிருக்கும் வயதில் கண்ணாடியும் எடை இயந்திரமும் சொல்வதைக் கடைசி வார்த்தையாகக் கொள்ளவும் வேண்டாம். பக்கத்தில் நிற்பவளின் எண் நம் காதில் விழுந்தால், அதை நம்மோடு வைத்துக்கொள்வோம்; இடைவேளைக்கு எடுத்துச் செல்ல வேண்டாம். பட்டப்பெயர் ஒன்று நம் நாவின் நுனிவரை வந்துவிட்டாலும், அதை விழுங்கிவிடுவோம். அதனால் எவருக்கும் கொழுப்பு ஏறாது.

தராசு நல்ல கருவி. நாடாவும் நல்ல கருவியே. அவை உடலின் அளவைச் சொல்லும். உள்ளத்தின் அளவைச் சொல்லா. பிள்ளைகளின் நலனுக்காக எடை பார்ப்போம். அவர்களை எடை போடாதிருப்போம். நம் பள்ளியில் பயிலும் ஒவ்வொருத்தியும் தன் உடலைப் பேணக் கற்பாளாக, அதற்காக நாணாதிருப்பாளாக!